இரண்டாம் தவில்
(பாடம்: வேலையில் உயர்வும் போட்டியும்)



இந்தப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேலையில் மேலே போகிற ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஒரு இடத்துக்கு நாலு பேர் ஆசைப்பட்டால் என்ன செய்வது? அதுவும் அந்த நாலு பேரும் ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களாக இருந்தால்? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

நாலு பேருக்கு ஒரு வேலை

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு டிவிசனில் கொழுந்து மலைக் கங்காணி வயது முடிந்து வேலையை விட்டு நிற்கிறார். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று மடுவத்தில் பேச்சு வருகிறது. அன்றைக்கு ராத்திரியே நாலு காம்பராவில் நாலு பேருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

ஒருவர் பழைய கங்காணியின் மகன். "எங்கப்பா பார்த்த வேலை, எனக்குத்தானே வரணும்" என்கிறார். இரண்டாமவர் ஓ.எல். பாஸ் பண்ணிய தம்பி. "படிச்சவனுக்குத்தான் குடுக்கணும்" என்கிறார். மூன்றாமவர் நாலு பெரிய மனுசரைத் தெரிந்தவர். "நான் சொல்ற இடத்தில சொன்னா நடக்கும்" என்கிறார். நாலாமவர் 18 வருசமாகக் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா. மலையில் எந்தச் செடி எப்போது கொழுந்து விடும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "பொம்பளைக்கு எங்க தரப் போறாங்க" என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு அடுத்த நாள் பெரட்டுக்குப் போகிறார்.

பிறகு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் கதை கட்டுவார்கள். ஆபீசுக்கு மொட்டைப் பெட்டிசம் போகும். பிள்ளைகள் பீலியடியில் சண்டை பிடிப்பார்கள். கடைசியில் வேலை ஒரு வீட்டுக்குப் போகும், பகை நாலு வீட்டிலும் தங்கிவிடும்.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் பெரிய கங்காணிமார்தான் இந்தியாவிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று அவரவர் கூட்டம் அவரவர் கையில் இருந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார்கள். கடனைக் காட்டித் தொழிலாளியைக் கட்டி வைத்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கங்காணி வேலை ஒரு குடும்பத்துச் சொத்து என்கிற எண்ணம் அந்தக் காலத்து மிச்சம். இன்றைய கங்காணி அப்படி இல்லை. அவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளி, தோட்டம் அவரை மேற்பார்வைக்கு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அந்த வேலையைக் கேட்கிற தகுதி யாருக்கும் உண்டு. எப்படிக் கேட்பது, எப்படிப் போட்டி போடுவது என்பதுதான் கேள்வி.

இதற்கு நாம் ஒரு உதாரணத்தைத் தூரத்து ஊர் ஒன்றிலிருந்து எடுக்கப் போகிறோம்.

இணுவில் என்ற ஊர்

யாழ்ப்பாணம் என்றதும் நம் பாட்டன்மாருக்கு ஞாபகம் வந்தது தோட்டத்து ஆபீசில் இருந்த கிளாக்கர் ஐயாவும் ஸ்டோரில் இருந்த டீமேக்கர் ஐயாவும்தான். அந்த வேலைகளுக்கு அங்கிருந்து நிறையப் பேர் மலைநாட்டுக்கு வந்தார்கள். ஆனால் நாம் சொல்ல வருவது வேறு ஒரு தொழில்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் கொக்குவிலைத் தாண்டி இணுவில் வரும். செம்மண் பூமி, தோட்டம் செய்கிற ஊர். பரராஜசேகரப் பிள்ளையார் கோயிலும், பெரிய மஞ்சத்துக்குப் பேர்போன கந்தசுவாமி கோயிலும் அங்கே இருக்கின்றன. அதைவிட அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிற கலைஞர்கள். நம் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக்கு எழும்பிய காலம் ஒன்று இருந்தது. இணுவிலில் பிள்ளைகள் தவில் சத்தத்தோடு வளர்ந்தார்கள்.

அப்படி ஒரு தவில் வீட்டில், விசுவலிங்கம் என்ற தவில் வித்துவானின் மகனாக, 1933இல் பிறந்தவர் தட்சணாமூர்த்தி. 'யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி' என்று சொன்னால் தமிழ்நாட்டிலும் இசை தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். 1975இல், 41 வயதிலேயே இறந்து போனார். அவர் போய் நாற்பது வருசம் ஆன பிறகு அம்ஷன்குமார் என்ற தமிழ்நாட்டு இயக்குநர் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதற்கு 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசியத் திரைப்பட விருது கிடைத்தது.

தவில் வாசிக்கிறவருக்கும் கொழுந்து பறிக்கிறவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தத் தொழிலிலும் போட்டி உண்டு, ஏணிப்படி உண்டு. மேளக்காரர் கூட்டத்தை 'செட்' என்பார்கள். ஒரு செட்டில் வழக்கமாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் போட ஒருவர், சுருதிக்கு ஒருவர் இருப்பார்கள். புதிதாக வருகிறவர் தாளம் போடுவார், பிறகு இரண்டாவதாக வாசிப்பார், பிறகு முதலாவதாக. பேர் பெரிதானால் வேறு செட்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள். அப்படிப் போகிறவரை 'ஸ்பெஷல் தவில்' என்பார்கள். திருவிழாக் காலத்தில் எல்லோரும் ஸ்பெஷலாக முடியாது. ஆக அங்கேயும் நாலு பேருக்கு ஒரு இடம்தான்.

தவில் கச்சேரியில் என்ன நடக்கிறது?

தவில் பலாமரத்தில் குடைந்த கருவி. ஒரு பக்கத்தைப் பூவரசங் கம்பால் அடிப்பார்கள். மறு பக்கத்தை விரலில் கூடு மாட்டி வாசிப்பார்கள். கச்சேரி நடுவில் நாதஸ்வரம் நின்றுவிடும், தவில் மட்டும் பேசும். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பேர்.

அங்கேதான் போட்டி. ஒருவர் ஒரு சுற்று வாசிப்பார். மற்றவர் அதற்குப் பதில் சொல்வார். முதலில் நீளமாக வாசிப்பார்கள். பிறகு பாதியாக, அதிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். இதைக் குறைப்பு என்பார்கள். கேட்கிறவர்களுக்கு இரண்டு பேரும் சண்டை பிடிப்பது போலவே இருக்கும். ஆனால் கவனித்துப் பார்த்தால் மூன்று விசயம் தெரியும்.

முதலாவது, இரண்டு பேருக்கும் தாளம் ஒன்றுதான். அதை யாரும் தனக்காக மாற்ற முடியாது.

இரண்டாவது, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கேட்டுக்கொண்டு இருப்பார். கேட்காவிட்டால் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து மோராவும் கோர்வையும் வாசித்துத்தான் முடிக்க வேண்டும். ஒருவர் தவறினால் இரண்டு பேருக்கும் வெட்கம்.

நம் மலையிலும் இந்த மூன்றும் பொருந்தும் என்பதுதான் இந்தப் பாடம். நம் தாளம் அன்றாட வேலை. கொழுந்து நிறுக்கிற நேரம் யாருக்காகவும் மாறாது. போட்டி முடிந்த பிறகும் நாலு பேரும் அதே மலையில்தான் நிற்கப் போகிறோம். சரி, இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இரண்டாம் இடம் என்பது படிக்கிற இடம்

'கொஞ்சும் சலங்கை' என்று 1962இல் ஒரு படம் வந்தது. அதில் எஸ். ஜானகி பாட, கூடவே நாதஸ்வரம் கேட்கிற பாட்டு நம் வானொலிப் பெட்டிகளில் எத்தனையோ வருசம் ஒலித்தது. அந்த நாதஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். அவர் எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆள் ஆகவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளைக்கு இரண்டாம் நாதஸ்வரமாகப் பக்கத்தில் இருந்து வாசித்தார். அவரிடமே படித்தார். பக்கத்தில் இருந்ததால்தான் அந்த வாசிப்பின் நுணுக்கம் எல்லாம் காதில் விழுந்தது. பிற்காலத்தில் அந்தக் காருகுறிச்சிக்கே நம் இணுவில் தட்சணாமூர்த்தி தவில் வாசித்தார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இன்றைக்கு நமக்கு மேலே இருக்கிறவர் பக்கத்தில்தான் நாளைய வேலை கிடக்கிறது. கங்காணிக்குக் கூடமாட நில்லுங்கள். கொழுந்து நிறுக்கும்போது எழுதிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் "நான் எழுதவா அண்ணே" என்று கேளுங்கள். புதிதாகப் பறிக்க வந்த பிள்ளைக்கு நிரையில் நின்று பழக்கிக் கொடுங்கள். இதற்குச் சம்பளம் கூடாது, உண்மைதான். ஆனால் வேலை காலியாகிற அன்றைக்கு "இவங்க ஏற்கனவே செய்றாங்களே" என்று நாலு வாய் சொல்லும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறோம். கூடமாட நிற்பது வேறு, ஆபீசுக்குக் கோள் சொல்வது வேறு. கோள் சொல்கிறவரை ஆபீசும் நம்பாது, லயமும் நம்பாது.

2. குறை எங்கே என்று பார்த்துப் பழகுவது

தட்சணாமூர்த்தி தவில் வீட்டுப் பிள்ளை. தகப்பனாரிடமே பாடம் தொடங்கியவர். சின்ன வயதிலேயே வாசிக்கத் தொடங்கியவர். "எங்கப்பா வித்துவான், எனக்கு என்ன குறை" என்று ஊரிலேயே இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போய், நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளை என்ற பெரிய தவில்காரரிடம் மறுபடி மாணவனாக உட்கார்ந்தார். பழைய கங்காணியின் மகனாக இருக்கிற தம்பி இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்பாவின் பேர் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போய் வாசிக்க வேண்டியது நாம்தான்.

ஒரு கங்காணிக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இதோ ஒரு பட்டியல். தெரிந்ததற்கு ஒரு புள்ளி, தெரியாததற்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

• எழுத்தும் கணக்கும்: பெரட்டில் ஆள் எண்ணி, செக்ரோலுக்குப் பேர் கொடுக்க வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனால் ஒரு வீட்டு அடுப்பு பாதிக்கும்.

• நிறுவை: தராசை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வாசிக்கத் தெரிய வேண்டும். சாக்குக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள், ஏன் கழிக்கிறார்கள் என்று கேட்கிறவருக்கு விளக்கவும் தெரிய வேண்டும்.

• பறிக்கிற சுற்று: ஒரு மலைக்குத் திரும்பிப் போகிற நாள் சாதாரணமாக ஒரு வாரம் அளவு. கொழுந்து அதிகமாக வரும்போது சுருங்கும், வறட்சியில் நீளும். பிந்தினால் கொழுந்து முத்தும், ஸ்டோரில் தரம் இறங்கும்.

• கொழுந்தைப் பாதுகாப்பது: இரண்டு இலையும் மொட்டுமாக நல்ல கொழுந்து பறித்தாலும், சாக்கில் அமுக்கித் திணித்தால் சூடேறிச் சிவந்து போகும். ஆளைத் துரத்திப் பறிக்க வைத்துவிட்டு இதைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண்.

• ஆபத்து: பறிக்கப் போகும் முன் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளவி கிளம்பினால் உடனே ஆட்களை அந்த இடத்திலிருந்து அகற்றி, கொட்டுப்பட்டவரைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பாம்புக்கும் அப்படித்தான்.

• சிங்களம்: ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் கந்தோர்களிலும் ஆட்களுக்காகப் பேச நாலு வார்த்தையாவது வேண்டும்.

• வாய்: கெட்ட வார்த்தை இல்லாமல் வேலை வாங்கத் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னாலும் இது பெரிய விசயம்.

இந்த ஏழும் ஒருவரிடமே இருக்காது. அக்காவுக்கு மலை தெரியும், எழுத்துக் கொஞ்சம் தடுமாறும். ஓ.எல். தம்பிக்கு எழுத்து வரும், மலை தெரியாது. அவரவர் கோடு போட்ட இடத்தில்தான் அவரவர் உழைக்க வேண்டும். ராத்திரி அரை மணி நேரம் படிக்கிற பிள்ளையின் கொப்பியை வாங்கிக் கூட்டலும் கழித்தலும் போட்டுப் பாருங்கள். பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். தம்பிமார் கவ்வாத்துக்காரரோடு ஒரு நாள் நின்று, மலையை ஏன் 3, 4, 5 வருசத்துக்கு ஒரு முறை வெட்டுகிறார்கள், உயரத்துக்கு உயரம் அது ஏன் மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னும் மேலே கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர் என்று போக விரும்புகிற பிள்ளைகளுக்குத் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் பாடநெறிகள் நடத்துகிறது. தேயிலையைப் பற்றி அறிய 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் தலவாக்கலைப் பக்கத்திலேயே இருக்கிறது. தகுதி என்ன, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று தோட்ட ஆபீசிலோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

3. வாய் திறந்து கேட்பது

நம் ஆட்களில் பாதிப் பேருக்கு உயர்வு கிடைக்காததற்குக் காரணம் ஒன்றுதான். கேட்கவே இல்லை. முக்கியமாகப் பெண்கள். தோட்டத்து வேலையாட்களில் பாதிக்கு மேல் பெண்கள். கொழுந்தெல்லாம் அவர்கள் கையில் வருகிறது. மேற்பார்வை மட்டும் நெடுங்காலமாக ஆண்கள் கையில்.

நாதஸ்வரமும் பெண்கள் தொடாத கருவியாக இருந்ததுதான். அப்படிப்பட்ட காலத்தில் மதுரையில் எம்.எஸ். பொன்னுத்தாய் என்ற அம்மா நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தார், கோயில்களில் வாசித்தார், பேர் வாங்கினார். யாரும் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போன இடம் இல்லை அது. இன்றைக்குச் சில தோட்டங்களில் பெண் கங்காணிமார் இருக்கிறார்கள். ஆக, "பொம்பளைக்குத் தர மாட்டாங்க" என்பதை நாமே முடிவு செய்ய வேண்டாம்.

எப்படிக் கேட்பது? முதலில் வீட்டில் பேசுங்கள். கங்காணி வேலைக்குப் போனால் காலையில் முந்திப் போக வேண்டும், பின்னேரம் நிறுவை முடிந்துதான் வரலாம். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் யார் விடுவது, சோறு யார் வைப்பது என்று புருசனோடும் மாமியாரோடும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெளிக்கள உத்தியோகத்தரிடம் நேரே சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"ஐயா, அந்தக் கங்காணி இடத்துக்கு என்னையும் பாருங்க. பதினெட்டு வருசமா இந்த மலையில இருக்கேன். புதுப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் குடுத்திருக்கேன். கணக்கெழுதவும் இப்ப பழகிட்டு வாறேன். ஒரு மாசம் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பாருங்கள், இதில் மற்றவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கெஞ்சலும் இல்லை. செய்ததைச் சொல்லி, குறையை மறைக்காமல், பரீட்சித்துப் பார்க்கக் கேட்கிறது. வாயால் சொன்ன பிறகு எழுத்திலும் கொடுங்கள். ஒரு மாதிரிக் கடிதம்:

"மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு,
நான் இந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் 18 வருடங்களாகக் கொழுந்து பறிக்கிறேன். இப்பிரிவில் வெற்றிடமாக உள்ள கங்காணி வேலைக்கு என்னையும் கவனத்தில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய தொழிலாளர்களுக்குப் பறிக்கப் பழக்கியிருக்கிறேன். எழுதவும் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரியும். இந்த வேலைக்கு வேறு தகுதி தேவையானால் தயவுசெய்து அறியத் தாருங்கள்.
இப்படிக்கு, பெயர், செக்ரோல் இலக்கம், திகதி."

தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். கடிதத்துக்கு ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். தோட்டத் தலைவருக்கும் மாதர் சங்கத் தலைவிக்கும் தெரியப்படுத்துங்கள். எழுதிய கடிதம் இருந்தால் "இவர் கேட்கவே இல்லையே" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

4. தாளத்தை உடைக்காமல் போட்டி போடுவது

தனி ஆவர்த்தனத்தில் எதிராளியின் தவில் வாரை அறுத்துவிட்டு யாரும் பேர் வாங்க முடியாது. நாம் மட்டும் அதைச் செய்கிறோம். மொட்டைப் பெட்டிசம் எழுதுவது வார் அறுக்கிற வேலைதான். மற்றவருக்கு உண்மையாகவே குறை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஆபீசுக்குத் தெரியும். நாம் சொல்ல வேண்டியது நம் வேலையைப் பற்றி.

காசு கொடுத்தும் சாராயம் வாங்கிக் கொடுத்தும் வேலை பிடிக்கிறவர்களும் உண்டு. அப்படி வாங்கிய வேலையில் கொடுத்த காசை எங்கே எடுப்பது? தராசில்தான் எடுக்கத் தோன்றும். அது பக்கத்து வீட்டு அக்காவின் கூடையிலிருந்து எடுக்கிற காசு. அந்த வழிக்குப் போக வேண்டாம்.

போட்டி போடுகிறவரிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள். "அண்ணே, நானும் கேட்டிருக்கேன், நீங்களும் கேட்டிருக்கீங்க. யாருக்குக் கிடைச்சாலும் நமக்குள்ள ஒண்ணும் வேணாம்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் சொல்லிவிட்டால் இடையில் கதை கட்டுகிறவருக்கு வேலை இல்லாமல் போகும்.

கிடைத்தால், கிடைக்காவிட்டால்

கிடைத்தால் முதல் வாரத்திலேயே நம் குணம் தெரிந்துவிடும். நேற்றுவரை பக்கத்து நிரையில் நின்றவர்களிடம் இன்றைக்கு 'வா, போ' என்று பேசாதீர்கள். நம்மோடு போட்டி போட்டவரைத் தூரத்து மலைக்கு அனுப்பிப் பழி தீர்க்காதீர்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். ஓ.எல். தம்பிக்கு வேலை கிடைத்திருந்தால், எந்த நிரை முந்திப் பறிக்க வேண்டும் என்று அந்த அக்காவிடம் கேட்பதில் மரியாதை குறையாது. தவிலில் இரண்டாமவர் கை கொடுக்காவிட்டால் முதலாமவர் தனியாகக் கோர்வை வைக்க முடியாது.

கிடைக்காவிட்டால் வலிக்கத்தான் செய்யும். வலிக்கவில்லை என்று நடிக்க வேண்டாம். ஒரு நாள் வீட்டில் அழுதாலும் பரவாயில்லை. ஆனால் அடுத்த நாள் பெரட்டுக்குப் போங்கள். ஒரு வாரம் கழித்து ஐயாவிடம் போய், "எனக்கு என்ன குறைன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவைக்குத் திருத்திக்கிறேன்" என்று கேளுங்கள். உண்மையான குறை சொன்னால் அது நமக்குப் பாடம். தோட்டத்தில் ஸ்டோர் வேலை, பிள்ளைக்காம்பரா வேலை என்று வேறு இடங்களும் காலியாகும். கடிதத்தின் பிரதி வீட்டில் இருக்கிறதல்லவா? திகதியை மாற்றி எழுதலாம்.

நியாயம் தவறினால்

எல்லா நேரமும் தகுதி உள்ளவருக்கே கிடைக்கும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். சாதி பார்ப்பதும், சங்கம் பார்ப்பதும், சொந்தம் பார்ப்பதும் இன்னும் இருக்கிறது. இணுவில் தவில்காரர் எத்தனை பெரிய கலைஞரானாலும், சாதி பார்க்கிற ஊரில்தான் வாசிக்க வேண்டியிருந்தது. அநியாயம் நடந்தது என்று நாலு பேருக்கும் தெரிந்தால் கள்ளத்தனமாகப் பேசாமல், பேர் போட்டு எழுதி, தொழிற்சங்கத்தின் வழியாகத் துரையிடம் காரணம் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் தொழில் கந்தோர் இருக்கிறது.

ஒரு விசயத்தை மட்டும் பெண்பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறோம். வேலை தருகிறேன் என்று யாராவது வேறு மாதிரிக் கேட்டால் அது போட்டி இல்லை, குற்றம். 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு தண்டனைக்குரியது. பயந்து மறைக்காதீர்கள். நம்பிக்கையான ஒரு பெண்ணிடம் அன்றைக்கே சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவில் முறையிடலாம். லயத்தில் உள்ள மற்றவர்கள் "இவளுக்கு வேலை ஆசை" என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. அப்படி விட்டால் நாமும் அந்தக் குற்றத்துக்குத் துணை போனவர்கள்தான்.

அடுத்த திருவிழாவுக்கு உங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு மேளம் வந்தால் கொஞ்ச நேரம் கிட்டப் போய் உட்காருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது இரண்டு தவில்காரரின் கண்ணைப் பாருங்கள். ஒருவர் நன்றாக வாசித்தால் மற்றவர் தலையாட்டுவார். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. மேலே சொன்ன நாலு பேரில் யாருக்கு அந்த வேலையைக் கொடுப்பீர்கள்? ஏன்?

2. ஏழு தகுதிகளில் உங்களுக்குப் புள்ளி எத்தனை, கோடு எத்தனை? ஒரு கோட்டைப் புள்ளியாக மாற்ற இந்த மாதம் என்ன செய்வீர்கள்?

3. உங்கள் லயத்தில் வேலைப் போட்டியால் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டா? பேர் சொல்ல வேண்டாம். யார் முதலில் போய்ப் பேசலாம்?

4. உங்கள் டிவிசனில் பெண் கங்காணி இருக்கிறாரா? இல்லையென்றால் கேட்கத் தயாராக இருக்கிற பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வீட்டிலிருந்து என்ன உதவி வேண்டும்?

5. மாதிரிக் கடிதத்தை உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றி எழுதிப் பாருங்கள். எழுத்துத் தெரியாதவருக்கு எழுத்துத் தெரிந்தவர் உதவுங்கள்.